கம்பி ஏன் மெதுவாயிற்று?

கம்பி வழியே மின்சாரம் பாயும் வேகத்துக்கு ஈடில்லை என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தி. ஆயினும் கம்பியிற் செய்தி அனுப்பத் தொடங்கிய நாள்முதல் இன்றுவரை, "ஏன் இத்தனை தாமதம்?" என்னும் கேள்வி மாந்தரை விட்டபாடில்லை. 1858ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், இங்கிலாந்து அரசி விக்டோரியா அமெரிக்க அதிபர் புக்கானனுக்கு அட்லாண்டிக் கடலடிக் கம்பி வழியே ஒரு வாழ்த்துச் செய்தி விடுத்தார். அதில் இருந்தவை 98 சொற்கள். அவை மறுகரை சேர ஏறத்தாழ 16 மணி நேரம் பிடித்தது. இன்று ஒரு பள்ளியின் கணினி அறையில், ஒரு மேசைக் கணினியிலிருந்து அடுத்த மேசைக் கணினிக்குப் பாடக் காணொளிகளை மாற்ற முயலும் ஆசிரியர், ஒன்றரை நிமிடத்தில் முடிய வேண்டிய வேலைக்குக் கால் மணி நேரம் காத்திருப்பதுண்டு.

இவ்விரண்டுக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் கிடக்கிறது. கருவிகள் மாறின, வேகங்கள் கோடிக்கணக்கான மடங்கு பெருகின. எனினும் தாமதத்தை ஆராயும் முறை அன்று வகுத்ததே. அம்முறை எவ்வாறு பிறந்தது, அதன் பிறப்பில் மலாயாக் காட்டுக்கு என்ன பங்கு, நெகிரி செம்பிலான் தோட்டப் பள்ளிகளுக்கு இன்று அதனால் என்ன பயன் என்பவை ஆராயத்தக்கன.

கித்தாவும் கடலும்

நிலத்திலே தந்திக் கம்பியைத் தூண்களில் கட்டிக் காற்றில் ஓடவிட்டாற் போதும். கடலில் அது செல்லாது. உப்புநீர் மின்சாரத்தை எளிதிற் கடத்துவதாகையால், கம்பிக்கு நீர் புகாத, மின்சாரம் கசியாத உறை வேண்டும். அவ்வுறை கிடைக்கும்வரை கடலடித் தந்தி என்பது கனவாகவே இருந்தது.

உறை கிடைத்த இடம் மலாயாக் காடு. மலாய் மக்கள் தாபான் என்று அழைத்த மரத்தின் பால், வெந்நீரில் மெழுகுபோல் இளகும். ஆறினால் மரம்போல் இறுகும். அதைக்கொண்டு அவர்கள் பாராங் கத்திக்குப் பிடி அமைத்துவந்தனர். சிங்கப்பூரில் பணியாற்றிய கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி இதைக் கண்டு வியந்து, 1843இல் இதன் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். மருத்துவக் கருவிகள் செய்ய இது உதவும் என்பதே அவர் எண்ணம். சில ஆண்டுகளுக்குள் ஜெர்மனியில் வெர்னர் சீமன்ஸ் தந்திக் கம்பிக்கு இதை உறையாக்கினார். இங்கிலாந்தில் மைக்கேல் பாரடே இதன் மின்காப்புத் திறனை 1848இல் எடுத்துரைத்தார். 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே, இவ்வுறையிட்ட கம்பிவடம் கடலடியில் நிலையாக வேலைசெய்யத் தொடங்கிற்று.

இப்பொருளுக்கு மலாய் மொழியில் 'கெத்தா பெர்ச்சா' என்று பெயர். கெத்தா என்பது மரப்பால். மலாயாத் தமிழர் ரப்பர் மரத்தைக் 'கித்தா மரம்' என்று சொல்லும் வழக்கும் இச்சொல்லிலிருந்து வந்ததே. ஆகவே உலகின் முதற் கடலடித் தந்திவடங்களைப் போர்த்திய பொருளின் பெயரும், தோட்டத் தமிழர் நாவில் வழங்கிய மரத்தின் பெயரும் ஒரே வேரிற் பிறந்தவை எனலாம்.

இரண்டு மரங்களுக்கும் விதி வேறாக அமைந்தது. கித்தா மரத்தைச் சீவினால் பால் வடியும். மறுமுறையும் அதே மரத்தைச் சீவலாம். தாபான் மரத்தின் பாலோ அவ்வாறு தாராளமாக வடிவதில்லை. மரத்தையே வெட்டிச் சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாகக் கீறித்தான் எடுக்க வேண்டும். ஒரு மரத்திற் கிடைக்கும் பாலோ சொற்பம். தந்திவடக் கம்பெனிகளின் பசி பெருகப் பெருக, சிங்கப்பூர்த் தீவிலும் தீபகற்பத்தின் காடுகளிலும் தாபான் மரங்கள் விரைந்து அருகின. உலகத்தைச் செய்தியால் இணைத்த கம்பிகளுக்காக ஒரு காட்டுமரம் கூட்டங்கூட்டமாக மாண்டது என்பது அந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத பக்கம்.

பதினாறு மணி நேரம்

அட்லாண்டிக் கடலை இணைக்க முனைந்தவர் சைரஸ் ஃபீல்ட் என்னும் அமெரிக்க வணிகர். அயர்லாந்தின் வாலன்ஷியாவிலிருந்து நியூபவுண்ட்லாந்தின் டிரினிட்டி விரிகுடா வரை ஏறத்தாழ 2,000 மைல் நீளமுள்ள வடம் 1858 ஆகஸ்டு 5ஆம் நாள் இணைக்கப்பட்டது. இரு கரைகளிலும் விழாக்கள் நடந்தன. ஆனால் செய்தி ஊர்ந்தது. அரசியின் 98 சொற்கள் மணிக்கு ஆறு சொல் என்னும் கணக்கில் மறுகரை சேர்ந்தன. சில வாரங்களில் வடம் முற்றிலும் ஊமையாயிற்று.

இத்தாமதம் எதிர்பாராதது அன்று; முன்னரே ஒருவர் கணக்கிட்டுக் காட்டியிருந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியரும், பின்னாளில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்றவருமான வில்லியம் தாம்சனே அவர். கடலடி வடத்தின் நடுவே செம்புக் கம்பி. அதைச் சுற்றி உறை. உறைக்கு வெளியே கடல்நீர். இவ்வமைப்பு மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் ஒரு நீண்ட சாடியைப் போன்றது என்பதை 1854ஆம் ஆண்டளவில் பாரடே விளக்கினார். தாம்சன் அதற்குக் கணிதம் வகுத்து 1855இல் வெளியிட்டார்.

இதை ஓர் எளிய உவமையால் அறியலாம். இரும்புக் குழாயின் ஒரு முனையில் நீரை அழுத்தினால் மறுமுனையில் அப்போதே நீர் வெளிப்படும். மெல்லிய ரப்பர்க் குழாயில் அழுத்தினாலோ, முதலில் குழாய் உப்பும். உப்பிய பின்னரே நீர் மெல்ல நகரும். அழுத்துவதை நிறுத்தினாலும் நீர் உடனே நில்லாது. கடலடி வடத்தில் மின்துடிப்பு இவ்வாறே பரவிக் கரைந்தது. ஒரு துடிப்பு அடங்குமுன் அடுத்ததை அனுப்பினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

தாம்சன் கண்ட விதி கடுமையானது. வடத்தின் நீளம் இரு மடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும். நீளம் பத்து மடங்கானால் தாமதம் நூறு மடங்காகும். இருநூறு மைல் வடத்தில் குறையின்றி நடந்த வேலை இரண்டாயிரம் மைலில் தடுமாறியதன் காரணம் இதுவே. இதற்குப் பரிகாரம் கம்பியின் செம்பைப் பருமனாக்குவதும் உறையைத் தடிப்பாக்குவதும் என்று அவர் கூறினார். அதற்குச் செலவு மிகுதி.

இரு வழிகள்

கம்பெனியின் மின்துறைப் பொறுப்பை ஏற்றிருந்தவர் வைல்ட்மன் வைட்ஹவுஸ். இவர் பிரைட்டன் நகரில் அறுவை மருத்துவராக இருந்தவர். மின்சாரத்தைத் தாமே பரிசோதித்துக் கற்றவர். தாம்சனின் விதியை இவர் ஏற்கவில்லை. கம்பி மெல்லியதாக இருப்பதில் குற்றமில்லை, வலுவான மின் அழுத்தம் கொடுத்தால் செய்தி விரைந்து சேரும் என்பது இவர் துணிபு. வடம் மெதுவாகவே, பெரிய தூண்டற் சுருள்களைக் கொண்டு ஏறத்தாழ 2,000 வோல்ட் அழுத்தத்தை அதனுள் செலுத்தினார்.

தாம்சனின் வழி நேர்மாறானது. மின்னோட்டத்தை மிகக் குறைத்து, அதை உணரும் கருவியை மிக நுட்பமாக்கினார். காந்தத் துணுக்கு ஒட்டிய ஒரு சின்னஞ்சிறு கண்ணாடியைப் பட்டு நூலில் தொங்கவிட்டு, அதன்மேல் விளக்கொளியைப் பாய்ச்சினார். மெல்லிய மின்னோட்டம் வந்தாலும் கண்ணாடி அணுவளவு திரும்பும். எதிரேயுள்ள அளவுகோலில் ஒளிப்புள்ளி நன்கு நகரும். வாலன்ஷியாவில் வைட்ஹவுஸின் கருவிகள் செய்தியைப் படிக்க இயலாது நின்றபோது, தாம்சனின் இக்கண்ணாடிக் கருவியே படித்தது.

வைட்ஹவுஸ் அம்மாதமே பணியினின்று நீக்கப்பட்டார். வடத்தைக் கெடுத்த பழி முழுவதும் அவர்மேல் விழுந்தது. இதில் ஒரு நீதி கருதப்பட வேண்டும். அவ்வடம் முன்னரே நோயுற்றிருந்தது. உருவாக்கிய பின் வெயிலில் கிடந்ததால் உறை இளகி, செம்புக் கம்பி நடுவிடம் விட்டு விலகியிருந்தது. கப்பலில் ஏற்றி இறக்கியதிலும் சேதமுற்றது. நலிந்த இடங்களை முன்கூட்டி அளந்து கண்டு நீக்கும் ஒழுங்கு அப்போது இல்லை. உயர் அழுத்தம் அந்நலிவை முற்றச் செய்தது. திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தைக் கற்பிக்கும் தமிழாசிரியர் யாவரும் அறிந்த ஒழுங்கு ஒன்றுண்டு: நோய் இன்னதென்றும் அதன் காரணம் இன்னதென்றும் தெளிந்த பின்னரே மருந்து. தொழிலால் மருத்துவரான வைட்ஹவுஸ், கம்பியின் நோயை அறியுமுன் மருந்தின் அளவை உயர்த்திவிட்டார்.

அளவை பிறந்தது

அட்லாண்டிக் தோல்வியும் செங்கடல் வடத்தின் தோல்வியும் சேர்ந்து பெரும்பொருளை விழுங்கவே, பிரிட்டிஷ் அரசும் தந்திக் கம்பெனியும் இணைந்து ஒரு விசாரணைக் குழு அமைத்தன. அக்குழுவின் அறிக்கை 1861இல் வெளிவந்தது. யார் குற்றவாளி என்பதைக் காட்டிலும், எதை அளக்காமல் விட்டோம் என்பதையே அது மிகுதியும் ஆராய்ந்தது எனலாம்.

அளக்காமல் விட்டவை பல. சந்தையில் 'செம்பு' என்று ஒரே பெயரில் விற்ற உலோகம், மின்சாரத்தைக் கடத்துவதில் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டது என்பதைத் தாம்சன் 1857இல் கண்டறிந்தார். அதுவரை எவரும் அதைச் சோதித்து வாங்கவில்லை. மின்தடைக்குப் பொதுவான அலகும் இல்லை. ஒவ்வொரு பட்டறையும் தன் தன் அளவையைக் கொண்டிருந்தது. 1861இல் பிரிட்டிஷ் விஞ்ஞானச் சங்கம் அமைத்த குழுவின் உழைப்பிலிருந்தே இன்று பள்ளிப் பாடநூலில் வரும் 'ஓம்' என்னும் அலகு வளர்ந்தது. கடலுக்கடியில் ஊமையான கம்பி ஒன்று மாணவர் பாடத்துக்கு ஓர் அலகைத் தந்தது.

அளவை கிடைத்ததும் பழுதின் இடம் காணும் கலையும் வளர்ந்தது. ஒரு வடத்தின் செம்புக்கு மைலுக்கு 10 ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். எங்கோ கம்பி அறுந்து கடல்நீரைத் தொடுகிறது. கரையிலிருந்து அளந்தால் 1,200 ஓம் காட்டுகிறது. எனில் பழுது ஏறத்தாழ 120 மைல் தொலைவில் இருக்கிறது என்று கணிக்கலாம். உண்மையில் பழுதான இடமே ஒரு தடையை உண்டாக்குமாதலால், இரு கரைகளிலிருந்தும் அளந்து திருத்தம் செய்வர். கிராம்வெல் வார்லி முதலிய தந்திப் பொறியாளர்கள் இதற்கான முறைகளை வகுத்தனர். கப்பல் அவ்விடம் சென்று, கொக்கியால் வடத்தைத் தூக்கி, பழுதை வெட்டி நீக்கிப் புதுத்துண்டு இணைக்கும். கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் கிடக்கும் குறையைக் கரையிலிருந்தபடியே கணக்கால் சுட்டுவது அக்காலத்தில் அற்புதமாகவே தோன்றியது.

1866இல் கிரேட் ஈஸ்டர்ன் என்னும் மாபெருங் கப்பல் புதிய அட்லாண்டிக் வடத்தை இட்டது. 1858 வடத்தில் ஒரு கடல் மைலுக்கு 107 இராத்தலாக இருந்த செம்பு, இதில் 300 இராத்தலாயிற்று, உறையும் தடித்தது, ஒவ்வொரு துண்டும் சோதிக்கப்பட்டது. நிமிடத்துக்கு ஏறத்தாழ எட்டுச் சொற்கள் சென்றன. மணிக்கு ஆறு சொல் என்ற பழைய நிலையோடு ஒப்பிட்டால் இது எண்பது மடங்கு. அழுத்தத்தைக் கூட்டிப் பெறமுடியாத வேகம், அளந்து கட்டிய கம்பியால் கைகூடிற்று.

சென்னையிலிருந்து பினாங்குக்கு

இவ்வாறு கற்ற பாடத்தின் பயன் விரைவில் தமிழர் வாழ்ந்த கரைகளையும் எட்டியது. 1870ஆம் ஆண்டு பம்பாய்க்கும் இங்கிலாந்துக்கும் கடல்வழித் தந்தி இணைப்பு முற்றுப்பெற்றது. அதனையடுத்து, பிரிட்டிஷ் இந்திய விரிவுத் தந்திக் கம்பெனி சென்னையிலிருந்து பினாங்குக்கும், பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கும் வடமிட்டது. சென்னை - பினாங்கு வடம் மட்டும் ஏறத்தாழ 1,400 கடல் மைல். 1871இன் தொடக்கத்தில் சிங்கப்பூர் உலகத் தந்தியோடு இணைந்தது. நாகப்பட்டினத்துக் கப்பல் நாட்கணக்கிற் கொண்டுவந்த சேதி, மணிக்கணக்கில் பினாங்குக் கரை சேரலாயிற்று. மலாய் மாநிலங்களுள் முதல் தந்திக் கம்பி 1874இல் பேராக்கில், கோலகங்சாருக்கும் தைப்பிங்குக்கும் இடையே ஓடியது.

இங்கே இரண்டாவது பாடம் ஒன்று புலனாயிற்று. சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்குப் போகும் செய்தி சென்னையில் கரையேறி, தரைவழியே பம்பாய் சென்று, ஏடன், சூயஸ், மால்ட்டா வழியாகப் போயிற்று. நிலையந்தோறும் ஒருவர் அதைக் கேட்டெழுதி மறுபடியும் அனுப்ப வேண்டும். கம்பி நலமாக இருந்தபோதும் எழுத்தர் மேசையில் செய்தி தேங்குவதுண்டு. ஆகவே தாமதம் என்றதும் கம்பியையே பழிப்பது தகாது. வழியிலுள்ள ஒவ்வொரு நிலையத்தையும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்பது தந்தித் துறையின் நடைமுறையாயிற்று. கீழைக் கடல்களுக்கே உரிய தொல்லையும் இருந்தது. வெதுவெதுப்பான ஆழமற்ற நீரில் வாழும் துளைப்புழுக்கள் உறையைத் தின்றன. பித்தளை நாடாவைச் சுற்றி அவற்றைத் தடுத்தனர்.

தந்திக்குப் பின் தொலைபேசி வந்தது. நீண்ட கம்பியில் குரல் மங்கியபோது, ஆலிவர் ஹெவிசைட் என்பார் கம்பியில் மின்தூண்டல் குறைவாயிருப்பதே குற்றம், அதைக் கூட்ட வேண்டும் என்று 1887இல் கணக்கால் நிறுவினார். தபால் துறைப் பொறியாளர் தலைவர்கள் ஏற்க மறுத்தனர். 1900ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் மைக்கேல் பூப்பினும் ஜார்ஜ் காம்ப்பெல்லும் கம்பியில் இடையிடையே சுருள்களை அமைத்து அதை நடைமுறையாக்கினர். அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இல் உரிமை பெற்ற மற்றொரு எளிய உபாயம், இரு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்குவது. அயற்கம்பியின் இரைச்சல் முறுக்கின் இரு புறமும் சமமாகப் பட்டு அழிந்துபோகும். இன்றைய கணினிக் கேபிளைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது இதே முறுக்குத்தான்: நான்கு இணைகள், எட்டுக் கம்பிகள்.

இதற்கிடையே மலாயாவிற் காடு தோட்டமாயிற்று. சிரம்பான், போர்ட்டிக்சன், ரந்தாவ், தம்பின், பகாவ் வட்டாரங்களிற் கித்தாத் தோட்டங்கள் பரந்தன. தமிழர் சீவிய பால் தாளாகி, வெளிநாடு சென்று, டயராகவும் குழாயாகவும், கட்டடங்களுக்குள் ஓடிய மின்கம்பிகளுக்கு உறையாகவும் திரும்பியது. கடலடியில் தாபான் செய்த வேலையை இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வீட்டுச் சுவர்களிற் கித்தா செய்தது. பின்னர் 1933இல் கண்டுபிடிக்கப்பட்ட பாலித்தீன் முதலிய பிளாஸ்டிக்குகள் இரண்டையும் அகற்றின.

கணினிக் கம்பி

கணினிகளைக் கம்பியால் இணைக்கும் ஈதர்நெட் முறையை ராபர்ட் மெட்காஃப் 1973இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வு நிலையத்தில் எழுதிவைத்தார். 1980களில் அதன் வேகம் விநாடிக்கு 10 மெகாபிட். 1995இல் 100 மெகாபிட் வந்தது. 1999இல் சாதாரண முறுக்குக் கேபிளில் 1,000 மெகாபிட், அதாவது ஒரு கிகாபிட், நியமமாயிற்று. கேபிளின் நீளம் 100 மீட்டர்வரை இருக்கலாம்.

இங்கே ஓர் எளிய கணக்குத் தேவை. எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். கோப்பின் அளவு பைட்டிலும், கம்பியின் வேகம் பிட்டிலும் சொல்லப்படுவதால் பலர் மயங்குகின்றனர். கிகாபிட் கம்பியில், மேலுறைச் செலவு போக, விநாடிக்கு ஏறத்தாழ 110 மெகாபைட் செல்லும். 100 மெகாபிட் கம்பியில் ஏறத்தாழ 11 மெகாபைட். எனவே 10 கிகாபைட் அளவுள்ள பாடக் காணொளித் தொகுதி, முதலதில் ஒன்றரை நிமிடத்திலும் இரண்டாவதில் கால் மணி நேரத்திலும் சேரும்.

இவ்வெண்கள் மருத்துவன் கை வைக்கும் நாடிபோல்வன. கோப்பு மாற்றும்போது வேகம் 11ஐத் தாண்டாமல் ஒரே சீராக நிற்குமாயின், எங்கோ இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது என்பது தெளிவு. கிகாபிட்டுக்கு நான்கு இணைகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு போதும். ஓர் இணையில் ஒரே ஒரு கம்பி பிளக்கினுள் சரியாகப் பதியாவிட்டாலும், பல கருவிகள் யாருக்கும் அறிவியாமல் 100க்கு இறங்கி வேலையைத் தொடரும். இடையிலுள்ள சுவிட்சு பழைய வகையானாலும் இதே நிலை நேரும். கணினியின் இணைப்பு விவரத்தில் இவ்வெண்ணைக் காணலாம். சில சுவிட்சுகளின் விளக்கு நிறமே இதைக் காட்டும்.

வேகம் அதற்கும் மிகத் தாழ்ந்து ஏறியிறங்குமானால் நோய் வேறு. ஈரத்தால் களிம்பேறிய முனை, எலி கடித்த கேபிள், முறுக்கை அதிகமாகப் பிரித்துப் பொருத்திய பிளக் ஆகியவற்றால் செய்தித் துண்டுகள் கெட்டு மறுபடியும் மறுபடியும் அனுப்பப்படுகின்றன. பழைய கருவிகளில் மற்றொரு குறையும் உண்டு. இரு முனைகளும் தாமே பேசி, ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் இசைவது வழக்கம். ஒரு முனையை மட்டும் கையால் நிலைநிறுத்திவிட்டால், மறுமுனை அதை அறியாமல் ஒருவழி முறைக்குப் போய்விடும். ஒருவர் பேசிக்கொண்டே கேட்க, மற்றவர் பேச்சு மோதிவிட்டதென்று நிறுத்தி நிறுத்தித் தொடங்குவார். சிறு செய்திகள் குறையின்றிப் போகும்; பெரிய கோப்பு மட்டும் தவழும்.

தாம்சன் 1857இல் கண்ட செம்புக் கலப்படமும் இன்று வேறு வேடத்தில் வந்துள்ளது. அலுமினியக் கம்பிக்குச் செம்பு பூசி, செம்புக் கேபிள்போல மலிவாக விற்கின்றனர். ஒரே பருமனில் அலுமினியத்தின் தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். எளிதில் முறியவும் செய்யும். ஈதர்நெட் கேபிளுக்கான நியமம் அதை ஏற்பதில்லை. விலையை மட்டும் பார்த்துச் சுவருக்குள் பதித்தவர் பின்னர் சுவரையே உடைக்க நேரும்.

கம்பி நலமாக இருந்தும் மெதுவாகும் சமயமுண்டு. அப்போது, அன்று எழுத்தர் மேசையில் செய்தி தேங்கியது போல, கணினியின் வட்டில் தேக்கம் இருக்கலாம். பழைய சுழல்வட்டு பத்தாயிரம் சிறு கோப்புகளைத் தனித்தனியே தேடி எழுதும்போது கம்பி வெறுமனே காத்திருக்கும். இதைப் பிரித்தறிய, வட்டைத் தொடாமல் நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கே அனுப்பி வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. அதில் வேகம் நிறைந்திருந்தால் கம்பி குற்றமற்றது. வட்டையும் கோப்பையும் பார்க்க வேண்டும். அதிலும் குறைந்திருந்தால் கேபிளை மாற்றி ஒரு முறை, சுவிட்சின் வேறு துளையில் ஒரு முறை, சுவிட்சே இன்றி இரு கணினிகளை நேராக இணைத்து ஒரு முறை என, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி அளக்க வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றினால் பழுது நீங்கலாம்; எதனால் நீங்கியது என்பது தெரியாது போகும்.

தோட்டம் என்றால் இப்படித்தானா?

நெகிரி செம்பிலானில் ஏறத்தாழ அறுபது தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றுட் பல தோட்டத்திற் பிறந்தவை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். சட்டம் கேட்ட குறைந்த அளவே பல தோட்டங்களிற் கிடைத்தது. "தோட்டத்துக்கு இது போதும்" என்பது துரைமாரின் நினைப்பாக இருந்தது. பின்னர் கித்தா போய்ச் செம்பனை வந்தது; பலர் பட்டணம் பெயர்ந்தனர்; நீலாய், லாபு போன்ற பகுதிகளில் தோட்ட நிலங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. தோட்டம் மறைந்த இடங்களிலும் பள்ளியின் பெயரில் தோட்டத்தின் பெயர் நிலைத்திருக்கிறது. பழைய நினைப்பும் சில இடங்களில் நிலைத்திருக்கிறது. இப்போது அதைச் சொல்பவர்கள் தோட்டத்து மக்களே. "நம் இடத்தில் இணைப்பு இவ்வளவுதான் வரும்" என்று அமைந்துவிடுகின்றனர்.

இணையச் சேவை ஒரு வட்டாரத்துக்கு நன்றாக வராதிருக்கலாம். அதற்காக முறையிடவும் போராடவும் வேண்டும். ஆனால் ஒரே அறையில் உள்ள இரு கணினிகளுக்கிடையே கோப்பு செல்லும்போது இணையம் அதில் நுழைவதே இல்லை. செய்தி இம்மேசையிலிருந்து சுவிட்சுக்கும், சுவிட்சிலிருந்து அம்மேசைக்கும் போகிறது. சிரம்பானுக்கும் தோட்டத்துக்கும் உள்ள தூரம் அக்கணக்கிற் சேராது. கோலாலம்பூரின் உயர்ந்த பள்ளியிலும், பகாவ் தோட்டப் பள்ளியிலும், நல்ல கேபிள் ஒன்றே வேகத்தையே தரும். அங்கே 110 வருவதும் இங்கே 11 வருவதும் விதியால் அன்று; ஒரு பிளக்காலோ, ஒரு பழைய சுவிட்சாலோ, இடி விழுந்து கெட்ட ஒரு துளையாலோ ஆகும். அதன் விலையும் பெரும்பாலும் பள்ளிக்கு எட்டாததன்று.

அளக்காதவர் நோயைத் தம் ஊரின்மேல் ஏற்றிக்கொள்வர். அல்லது வைட்ஹவுஸைப் போல, காரணம் அறியாமல் புதிய கணினியும் விலையுயர்ந்த இணையத் திட்டமும் வாங்கி வலிமையைக் கூட்ட முனைவர். பழுதான கேபிளின் மறுமுனையில் எத்தனை வலிய கணினியை வைத்தாலும் 11 என்பது 11ஆகவே நிற்கும்.

கணினி அறையுள்ள ஒவ்வொரு பள்ளியும் ஒரு குறிப்பேடு வைத்தல் நலம். எந்தக் கணினி, எந்தக் கேபிள், சுவிட்சில் எந்தத் துளை, அளந்த வேகம், அளந்த நாள் என்று ஐந்து பத்திகள் போதும். ஆறாம் ஆண்டு மாணவர்களே இதை எழுதக்கூடும். விஞ்ஞானப் பாடத்தில் அளவெடுத்தலும், கணிதப் பாடத்தில் வகுத்தலும், தமிழ்ப் பாடத்தில் அறிக்கை எழுதுதலும் இதில் ஒருங்கே அமையும். பருவத்துக்கு ஒருமுறை அளந்து எழுதிய ஏடு இருந்தால், ஒருநாள் வேகம் குறையும்போது எங்கே மாறியது என்று உடனே தெரியும். பராமரிப்புக்கு வருபவரிடம் "மெதுவாக இருக்கிறது" என்று சொல்வதைவிட, "மூன்றாம் மேசையில் மட்டும், மார்ச் மாதத்துக்குப் பின், 110 இருந்தது 11 ஆயிற்று" என்று சொல்லும் பள்ளிக்கு விரைவில் வேலை நடக்கும்.